முதல் இல்லாத முதலைகள்

கொலைகார முதலைப் படத்துக்குப் புதிதாகக் கதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. அது எப்போதோ எழுதி வைத்தாயிற்று. ஒரு ஏரி இருக்கும். ஐந்தாறு இளைஞர்கள் பீர் டப்பாக்களோடு படகில் வருவார்கள். உள்ளூர்க் கிழவர் ஒருவர் "அந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க" என்பார். போவார்கள். போலீஸ்காரர் நம்ப மாட்டார். மேயருக்கு அடுத்த வாரம் திருவிழா, டூரிஸ்ட் வராமல் போய்விடுவானே என்ற கவலை. கடைசியில் முதலை வெடித்துச் சாகும். முதலை எப்படி சார் வெடிக்கும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. வெடிக்கும், அவ்வளவுதான். எல்லோரும் மூச்சு விட்ட பிறகு புதருக்குள் ஒரு முட்டையில் விரிசல் விழும். இரண்டாம் பாகம் வருகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் தெரிந்தும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட் என்று தெரிந்தும் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல் ஹாலில் இருபது பேர் பார்க்கிறார்கள். ஏன்?

"மொக்கைப் படத்தைக் கும்பலாகப் பார்த்துச் சிரிப்பதில் ஒரு சுகம்" என்பது வழக்கமான பதில். பாதி உண்மை. ஆனால் மொக்கைப் பேய்ப் படமும் இருக்கிறது, மொக்கை வேற்றுக்கிரகப் படமும் இருக்கிறது. அவற்றை அரை மணி நேரத்தில் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறவர்கள்கூட முதலைக்கு மட்டும் கடைசிவரை உட்காருகிறார்கள். அப்படியானால் சங்கதி மொக்கையில் இல்லை, முதலையில் இருக்கிறது.

சரி, கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் 1975-இல் வந்த 'ஜாஸ்'. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் செய்து வைத்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீர் பட்டதும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. 55 நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே படம் எடுத்தார். மஞ்சள் பீப்பாய் ஒன்று தண்ணீரில் ஓடும், இசை வரும், கேமரா நீர்மட்டத்தில் மிதக்கும். சுறா முழுசாகத் தலையைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தக் காத்திருப்புதான் படத்தையே காப்பாற்றியது.

இதைப் பார்த்த உலகத்துச் சின்னத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்: மிருகத்தைக் காட்டாமல் இருக்கக் காசு தேவையில்லை! ஆனால் சுறாவுக்குக் கடல் வேண்டும். கடலில் படமெடுப்பது பணக்காரன் வேலை. முதலைக்கு ஒரு குட்டை போதும். கலங்கலாக இருந்தால் இன்னும் நல்லது, அடியில் என்ன இருக்கிறது (அல்லது எதுவுமே இல்லை) என்று தெரியாது. சுறாவுக்கு முதுகுத் துடுப்பாவது செய்ய வேண்டும், அதுவும் நகர வேண்டும். முதலைக்கு இரண்டு கண், ஒரு மூக்கு நுனி. மீதி ஐந்து மீட்டரைப் பார்ப்பவர்களே மனசுக்குள் கட்டிக்கொள்வார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் யாராவது இதைப் பாடத்தில் சேர்க்கலாம். மூலப்பொருளில் முக்கால்வாசி வாடிக்கையாளரே கொண்டு வருகிற தொழில் வேறு எது?

முதலையே ஒரு சிக்கனப் பிராணிதான். குளிர் ரத்தம் என்பதால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தீனி தேவையில்லை. பெரிய முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். தண்ணீருக்கடியில் இதயத் துடிப்பைக் குறைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும். கடிக்கும் தசைகளுக்கு அசுர பலம், வாயைத் திறக்கும் தசைகளோ சொங்கி. மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டிப்போட்டுவிடலாம். தேவையான இடத்தில் மட்டும் முதலீடு! கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை முதலைப் பண்ணைக்கு ஸ்கூல் டூர் போனவர்களுக்குத் தெரியும், வாயைப் பிளந்தபடி கிடக்கிற ஒன்றைக் காட்டி "இது நிஜமா, பொம்மையா" என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். (அங்கிருந்த பெரிய உப்புநீர் முதலை ஒன்றுக்கு 'ஜாஸ் 3' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுறாப் படத்தின் பெயரை முதலைக்கு வைத்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.)

இதில்தான் சூட்சுமம். உயிருள்ள முதலையே ரப்பர் பொம்மை மாதிரிதான் இருக்கும். ரப்பர் புலியை யாரும் நம்ப மாட்டார்கள். ரப்பர் முதலையை ஒரு கணமாவது நம்புவார்கள். அந்த ஒரு கணத்தில்தான் இந்தத் தொழில் முழுக்க ஓடுகிறது.

அந்த ஒரு கணத்தை அரை மணி நேரமாக நீட்டப் பார்த்த படமும் உண்டு. 1989-இல் வந்த இத்தாலியப் படம் 'கில்லர் குரோக்கடைல்', இயக்கம் ஃபாப்ரிட்ஸியோ டி ஆஞ்சலிஸ். காட்டாத வரைக்கும் நல்லது என்ற பாடத்தை இவர்கள் காற்றில் பறக்கவிட்டார்கள். முதலையைச் செய்தவர் ஜியானெட்டோ டி ரோஸ்ஸி, ஸ்பெஷல் எஃபெக்டில் பெரிய கை. கஷ்டப்பட்டுச் செய்தாயிற்று, ஒளித்து வைக்க மனசு வருமா? மரக்கட்டை மாதிரி விறைப்பாக மிதந்து வருகிறது. வாய் மட்டும் கதவு போலத் திறந்து மூடுகிறது. வேட்டைக்காரர் ஒருவர் அதன் முதுகிலேயே ஏறி நின்று ஈட்டியால் குத்துகிறார். பின்னணி இசையோ 'ஜாஸ்' இசைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாம் பாகத்தை அந்த டி ரோஸ்ஸியே இயக்கினார். முதலை செய்தவருக்குப் பிரமோஷன்!

சிரிக்கலாம், சிரிக்க வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏளனம் குறைவு. யாரோ நாலு பேர் வெயிலில் நின்று அந்தப் பொம்மைக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், யாரோ தண்ணீருக்குள் மூழ்கிக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள் என்பது திரையில் அப்படியே தெரிகிறது. 2000-க்குப் பிறகு டிவிக்கென்றே தயாரான கிராபிக்ஸ் முதலைகளிடம் இது கிடையாது. 1999-இல் வந்த 'லேக் பிளாசிட்' சின்னப் படம் இல்லை, பணம் போட்டுச் செய்த முதலை, எழுத்தில் நக்கலும் இருந்தது. அதன் வாரிசுகள் 2007-இலிருந்து ஒவ்வொன்றாக டிவிக்கு வந்தன. முதலை தண்ணீரைத் தொடும், தண்ணீர் நனையாது. 2015-இல் அனகோண்டாவோடு சண்டைக்கே விட்டார்கள். "எங்கள் படம் மோசம் என்று எங்களுக்கே தெரியும், கண்ணடித்துக்கொள்வோம்" என்கிற தோரணை. அந்த வகையறாவைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. தெரிந்தே கெட்டதாகச் செய்கிற சமையலை எதற்குச் சாப்பிட வேண்டும்?

ஒன்றே ஒன்று. 2002-இல் வந்த 'குரோக்கடைல் 2' படத்தில் பேங்க் கொள்ளைக்காரர்கள் அகாபுல்கோ போகிற விமானத்தைக் கடத்த, அது முதலைச் சதுப்பில் விழுகிறது. படப்பிடிப்பு நடந்த இடம் ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி. தெலுங்கு டூயட்டுகள் பாடப்பட்ட இடத்தில் அமெரிக்கர்களை முதலை துரத்தியது. செலவு எங்கே குறைச்சலோ அங்கே முதலை கரையேறும்.

இந்த வரிசையில் மிக நல்ல படம் எது என்று கேட்டால் சந்தேகமில்லாமல் 1980-இல் வந்த 'அலிகேட்டர்'. (அலிகேட்டர் வேறு, குரோக்கடைல் வேறு என்று விலங்கியல் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். வாயை மூடினாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரிந்தால் குரோக்கடைல். அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பயன்படாது. தமிழில் இரண்டுமே முதலை.)

நியூயார்க் சாக்கடையில் முதலை வாழ்கிறது என்று அமெரிக்காவில் பழைய வதந்தி ஒன்று உண்டு. 1935-இல் ஹார்லெம் பகுதிச் சாக்கடையிலிருந்து பையன்கள் ஒரு முதலையை இழுத்துப் போட்டதாக நியூயார்க் டைம்ஸில் செய்தியே வந்தது. அந்த வதந்திதான் படத்தின் விதை. ஒரு சிறுமி டூரில் வாங்கி வந்த முதலைக் குட்டிக்கு ரமோன் என்று பெயர் வைக்கிறாள். அப்பா எரிச்சலில் அதைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுகிறார். பன்னிரண்டு வருடம் கழித்து அது சாக்கடைக்குள் பூதமாக வளர்ந்து நிற்கிறது. என்ன தின்று வளர்ந்தது? ஒரு மருந்துக் கம்பெனி, வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுச் சோதித்த நாய்களின் பிணங்களைச் சத்தமில்லாமல் சாக்கடையில் வீசிக்கொண்டிருக்கிறது. அதைத் தின்றுதான்.

திரைக்கதை ஜான் சேல்ஸ். 'பிரான்ஹா' (1978) மாதிரிப் படங்களுக்கு எழுதிச் சம்பாதித்துத் தன் சொந்தப் படங்களை எடுத்தவர். கூலிக்கு எழுதுகிறோம், எதையோ எழுதுவோம் என்று அவர் விட்டுவிடவில்லை. முதலை யாரைத் தின்கிறது என்ற வரிசையை மட்டும் கவனியுங்கள். முதலில் சாக்கடைத் தொழிலாளி. பிறகு கம்பெனிக்கு நாய் பிடித்து விற்கிறவன். பிறகு ஒரு இளம் போலீஸ்காரர். அடுத்து ஏழைகள் இருக்கும் தெருவில், பையன்கள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்தில் நடைபாதையைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. அதுவரை மேயருக்கும் கம்பெனி முதலாளிக்கும் அது பேப்பரில் வரும் செய்தி. கடைசியில் முதலாளி வீட்டுக் கல்யாண விருந்துக்கு முதலை அழையாமல் வந்து சேர்கிறது. மேயரும் தப்பவில்லை, முதலாளியும் தப்பவில்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புத்தகத்தில் வருகிற சமாச்சாரம்தான். கம்பெனி தன் பேலன்ஸ் ஷீட்டில் ஏற்றாத செலவை வேறு யாரோ கட்டுகிறார்கள். கழிவை ஆற்றில் விட்டால் கம்பெனிக்கு மிச்சம், ஆற்றோரம் இருக்கிறவனுக்கு நஷ்டம். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. படத்தில் அந்த எழுதப்படாத செலவுக்குப் பல் முளைத்து, கணக்கைக் கேட்டு மாடிப்படி ஏறி வருகிறது. 'கில்லர் குரோக்கடைல்' படத்திலும் முதலை வளர்வது ஆற்றில் உருட்டிவிட்ட விஷக்கழிவு பீப்பாய்களால்தான். கம்பெனியோடு கைகோத்த நீதிபதி ஒருவரும் உண்டு. இந்த மலிவுப் படங்கள் திரும்பத் திரும்ப இதையே சொல்லியிருக்கின்றன. பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் ஒருவனும் பார்த்திருக்க மாட்டான்.

ஆனால் எல்லா முதலையும் ரமோன் போல மேல்நோக்கித் தின்பதில்லை. பெரும்பாலான படங்களில் முதலில் சாகிறவன் பெயர்கூட இல்லாத உள்ளூர் மீனவன். அவன் அலறல்தான் டைட்டிலுக்கு முன்னால் வரும் மணியோசை. அதன்பின் நகரத்திலிருந்து வந்தவர்களின் காதல், சண்டை, சமாதானம். செத்தவனுக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று எந்தப் படமும் கேட்பதில்லை. நிஜத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் முதலை வாயில் போகிறவர்கள் பீர் டப்பாவோடு வந்தவர்கள் அல்லர். வலை வீசுகிறவர்கள், தண்ணீர் மொள்ளப் போனவர்கள், துணி துவைக்கப் போனவர்கள். 2007-இல் 'பிரைமிவல்' என்று ஒரு படம் வந்தது. புருண்டி நாட்டில் ஏராளமானோரைக் கொன்றதாகச் சொல்லப்படும் குஸ்டாவ் என்ற நிஜ முதலையை வைத்து எடுத்தது. விளம்பரத்தில் முதலை என்ற பேச்சே இல்லை, தொடர்கொலைகாரன் கதை என்பதுபோல விற்றார்கள். ஹீரோக்கள் அமெரிக்க டிவிக்காரர்கள். யாருடைய ஆற்றில் யாருடைய கதை!

இதைத் திருப்பிப் போட்ட படம் ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாவில் 1987-இல் எடுத்த 'டார்க் ஏஜ்'. இயக்கம் ஆர்ச் நிக்கல்சன். அதில் முதலை கொலைகாரன்தான், குழந்தையைக்கூட விடவில்லை. ஆனால் அந்த மண்ணின் பழங்குடிகளுக்கு அது முன்னோர்களின் ஆன்மா குடியிருக்கும் உயிர். டேவிட் கல்பிலிலும் பர்னம் பர்னமும் நடித்த அந்தப் பழங்குடிப் பாத்திரங்கள் வழிகாட்டிகளாக வந்து செத்துப்போகிறவர்கள் அல்லர். முதலையைக் கொல்லாமல் எப்படி வேறிடம் கொண்டுபோவது என்று முடிவெடுப்பதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. வேட்டைக்காரர்கள்தான் துரத்துகிறவர்கள். கடைசி அரை மணி நேரம் பார்ப்பவர்கள் முதலை பிழைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்வார்கள். விநியோகக் கம்பெனி நொடித்துப்போனதால் சொந்த நாட்டிலேயே அப்போது தியேட்டருக்கு வரவில்லை.

அந்தப் படத்தின் மூலக்கதை 'நுமுன்வாரி' என்ற நாவல். எழுதியவர் கிரஹாம் வெப், முழுநேர முதலை விஞ்ஞானி. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் தோலுக்காக உப்புநீர் முதலைகளைச் சுட்டுத் தள்ளி, 1971-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில ஆயிரம்தான் மிச்சம். இன்று அங்கே சுமார் ஒரு லட்சம் என்று கணக்கு. எண்ணிக்கை ஏறுகிற காலத்தில்தான் 'ஸ்வீட்ஹார்ட்' என்ற ஐந்து மீட்டர் முதலை ஃபின்னிஸ் ஆற்றுப் பக்கம் பிரபலமானது. 1974-இலிருந்து 1979 வரை மீன்பிடிப் படகுகளைத் தாக்கிக்கொண்டே இருந்தது. அது கடித்தது ஆளை அல்ல, படகின் மோட்டாரை! அந்த உறுமலை இன்னொரு ஆண் முதலை என்று நினைத்திருக்கலாம் என்கிறார்கள். அதனிடம் ஒரு மனிதனும் சாகவில்லை. 1979-இல் அதைப் பிடித்து அப்புறப்படுத்தப் பார்த்தபோது மயக்க மருந்தின் பிடியில் மரக்கட்டையில் சிக்கி, தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்தது. பாடம் செய்து டார்வின் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 'கில்லர் குரோக்கடைல்' முதலை எப்படிச் சாகிறது தெரியுமா? படகு மோட்டாரை வாய்க்குள் திணித்து. தற்செயல்தான், இருந்தாலும் ஒன்றைத் தெரிந்த பிறகு மற்றதைப் பழையபடி சிரித்துப் பார்க்க முடியாது.

அந்த ஃபின்னிஸ் ஆற்றில்தான் 2003 டிசம்பரில் வேறொன்று நடந்தது. மூன்று இளைஞர்கள் நான்கு சக்கர பைக் ஓட்டிவிட்டுச் சேற்றைக் கழுவ ஆற்றில் இறங்கினார்கள். வெள்ளம் ஒருவனை இழுத்தது, மற்ற இருவர் கைகொடுக்கப் போனார்கள், மூவரில் ஒருவனை முதலை கொண்டுபோனது. இரண்டு பேர் மரத்தில் ஏறினார்கள். கீழே அது காத்திருந்தது. ஏறக்குறைய 22 மணி நேரம் அவர்கள் அந்த மரத்திலேயே இருந்தார்கள். ஹெலிகாப்டர் வந்து மீட்டது.

நாலு வருடத்தில், 2007-இல், இதன் சாயலில் 'பிளாக் வாட்டர்' வந்தது. ஆண்ட்ரூ டிராக்கியும் டேவிட் நெர்லிச்சும் சேர்ந்து எழுதி இயக்கியது. அதே வருடம், அதே நாட்டில், 'ரோக்' என்ற பெரிய முதலைப் படமும் வந்தது. அதற்குப் பல மடங்கு செலவு, தெரிந்த முகங்கள், அருமையான கிராபிக்ஸ். பார்க்கலாம், குறை சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் நினைவில் நிற்பது ஏழைப் படம்தான். அதில் ஒரு பெண், அவள் கணவன், அவள் தங்கை, ஒரு வழிகாட்டி. சதுப்புநிலக் காட்டுக்குள் படகு கவிழ்கிறது. வழிகாட்டி போய்ச் சேர்கிறார் (பெயர் மட்டும் இருக்கிறது, மற்றபடி பழைய வழக்கந்தான்). மற்ற மூன்று பேரும் மரத்தில். கவிழ்ந்த படகு கொஞ்ச தூரத்தில்தான் கிடக்கிறது. அவ்வளவுதான் கதை.

ரப்பர் பொம்மைக்கும் காசில்லை, நல்ல கிராபிக்ஸுக்கும் காசில்லை. அதனால் நிஜ முதலைகளைத் தனியாகப் படம்பிடித்துக் காட்சியோடு ஒட்டினார்கள். முதலை நடிக்கவில்லை, சும்மா வருகிறது, பார்க்கிறது, அமிழ்கிறது. ஹாஸ்டல் ஹாலில் ஆரம்பத்தில் கமெண்ட் அடித்துக்கொண்டிருந்த கூட்டம் ராத்திரிக் காட்சி வரும்போது அமைதியாகிவிடும். திரையில் எதுவுமே தெரியாது. இருட்டு, இலை, மூன்று பேர் மூச்சு, கீழே எங்கேயோ தண்ணீர் 'க்ளக்' என்கிறது. காட்டாமல் இருப்பது சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த தந்திரம். இங்கே அது தந்திரமாகவே இல்லை. அந்த இரண்டு பையன்களும் அன்றைக்கு மரத்தில் இருந்தபடி பார்த்திருக்கக்கூடியதும் பெரும்பாலும் இவ்வளவுதானே.

செத்தவனின் வீட்டார் இன்னும் இருக்க, நாலே வருடத்தில் இதைப் படமாக்கலாமா என்று கேட்டால் உறுத்தத்தான் செய்கிறது. பெயரை மாற்றினார்கள், ஆட்களை மாற்றினார்கள், உறுத்தல் போகவில்லை. ஆனாலும் இத்தனை முதலைப் படங்களில் ஒரு சாவு விழுந்தால் மற்றவர்கள் நின்று அழ நேரம் கொடுத்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று. கீழே இறங்க முடியாதவர்கள் அழுவதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? அந்த அழுகையைப் படம் வெட்டவில்லை.

யார் பிழைத்தார்கள் என்பதை இங்கே போட்டுடைக்க வேண்டாம். பார்க்காதவர்கள் கும்பலாக இல்லாமல் தனியாக, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். இதில் முட்டை விரிசல் எதுவும் வராது. இரண்டாவது 'பிளாக் வாட்டர்' வர 2020 ஆனது, அது வேறு ஆட்கள், வேறு இடம், ஒரு குகை. அதில் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும்.